சீனக் கைவரைப் பட்டுப் பதக்கம்: நிஜக் கைவேலையா? உள்ளே ஈரம் போய்விட்டது, என்ன செய்வது?

#1 நந்தியாவட்டை (சென்னை)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நகை செய்கிறவர்களும் இருக்கிறீர்கள், படம் வரைகிறவர்களும் இருக்கிறீர்கள். அதனால்தான் இதை இங்கே கேட்கிறேன்.

போன மாதம் அலுவலக வேலையாக ஷாங்காய் போனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி சூசோ போனேன். அரை மணி நேரப் பயணம்தான். பிங்ஜியாங் தெருவில் வாய்க்காலை ஒட்டின ஒரு சின்னக் கடையில் பதக்கம் ஒன்று வாங்கினேன். பித்தளை விளிம்பு, மேலே லேசாகக் குவிந்த கண்ணாடி, உள்ளே பட்டுத்துணியில் வரைந்த படம். மொத்தமே மூன்று சென்டிமீட்டர் அகலம். ஒரு ப்ளம் கிளை, ஐந்து வெள்ளைப் பூ, கிளை நுனியில் ஒரு குருவி. குருவியின் கண்ணுக்குள் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியைப் பார்த்த பிறகு கடையை விட்டு வர மனசு வரவில்லை. 380 யுவான் கொடுத்தேன்.

சென்னை வந்து இரண்டு வாரம் தினமும் போட்டுக்கொண்டேன். வெயில், வேர்வை, நடுவில் ஒருநாள் மழை. இப்போது ஏசி அறைக்குள் போனால் கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்த மாதிரி மங்குகிறது. ஒரு பூவின் வெள்ளை ஓரத்தில் கரைந்து பக்கத்தில் பரவியிருக்கிறது. விளிம்போரம் பட்டில் பச்சையாக ஏதோ ஏறியிருக்கிறது. பார்த்த தோழி, "அச்சடிச்ச துணியா இருக்கும், ஏமாந்துட்டே" என்று சொல்லிவிட்டாள். இரண்டு நாளாக அதே நினைப்பாக இருக்கிறது.

இது கையால் வரைந்ததுதானா? காப்பாற்ற வழி உண்டா? தை மாதம் அம்மாவுக்கு அறுபது நிறைகிறது. அவருக்கு இதே மாதிரி ஒன்று தருவிக்க ஆசை, அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன்.

#2 வெண்ணிலா (சிங்கப்பூர்)

நந்தியா, வெள்ளை கரைந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. துணியில் சாதாரணமாக அச்சடிக்கும்போது வெள்ளை என்று தனி மை கிடையாது. துணியின் வெள்ளைதான் பூவின் வெள்ளை. உங்கள் பட்டு பழுப்பு நிறமாக இருந்து, பூ மட்டும் வெள்ளையாக இருந்தால், அந்த வெள்ளையை யாரோ தூரிகையால் வைத்திருக்கிறார்கள். அது கரைகிறது என்றால் பசையில் குழைத்த நிறம் என்று அர்த்தம். சீன ஓவிய நிறங்கள் அப்படித்தான் இருக்கும்.

ஆறு வருடமாக இங்கே ஒரு பெரியவரிடம் கோங்பி கற்கிறேன். கோங்பி என்றால் நுணுக்கமாக, கோடு போட்டு, அடுக்கடுக்காக நிறம் ஏற்றும் முறை. முதலில் மெல்லிய தூரிகையில் மைக்கோடு. அது காய்ந்த பிறகு ஒரே கையில் இரண்டு தூரிகை பிடிப்போம். ஒன்றில் நிறம், மற்றதில் வெறும் தண்ணீர். நிறத்தை இதழின் அடியில் வைத்த கையோடு தூரிகையைத் திருப்பி, தண்ணீர்த் தூரிகையால் அதை நுனிவரை இழுத்துக் கரைக்க வேண்டும். காய விட்டு மறுபடியும், மறுபடியும். "மூன்று படிகாரம், ஒன்பது சாயம்" என்று அவர்கள் சொல்வார்கள். ஒன்பது தடவை நிறம் ஏற்றினால் நடுவில் மூன்று தடவை படிகாரத் தண்ணீர் பூசி, கீழே உள்ள நிறத்தை நிறுத்த வேண்டும்.

இந்தப் படிகாரம்தான் முழு விஷயமும். வெறும் பட்டில் தூரிகையை வைத்தால் நிறம் நூலோடு ஓடிவிடும். அதனால் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசையையும் படிகாரத்தையும் வெந்நீரில் கரைத்து முதலிலேயே பூசி நூல் இடைவெளிகளை அடைத்துவிடுவார்கள். பழைய ஓவியக் கையேட்டில் ஓர் அளவு உண்டு: கோடையில் பசை 7 பங்குக்குப் படிகாரம் 3, குளிர்காலத்தில் பசை 10 பங்குக்குப் படிகாரம் 3. என் ஆசிரியர் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தே சொல்வார். வகுப்பில் முதல்நாள் அந்தக் கட்டியைக் கையில் கொடுத்தபோது, "இது எங்கள் ஆச்சி வீட்டுச் சீனக்காரம் ஆச்சே!" என்று கத்திவிட்டேன். பெயரிலேயே சீனம் இருக்கிறது. அத்தனை நாளாக அதைக் கவனித்ததே இல்லை.

ஒரு பூதக்கண்ணாடி வாங்கிப் பாருங்கள், 10 மடங்கு காட்டினால் போதும். புள்ளி புள்ளியாக நாலு நிறம் கலந்து தெரிந்தால் அச்சு. கோடு தொடங்கும் இடத்தில் தடித்து, போகப்போக மெலிந்து, பச்சையும் நீலமும் மேலே பொடியாக உட்கார்ந்திருந்தால் கை. பின்பக்கம் திறக்க முடிந்தால் இன்னொரு சோதனை இருக்கிறது. பட்டில் வரைகிறவர்கள் வெள்ளைப் பூவுக்கு அடர்த்தி வர, துணியைத் திருப்பிப் பின்புறத்திலும் வெள்ளை பூசுவார்கள். முன்னால் மெல்லிய வெள்ளை, பின்னாலிருந்து கனமான வெள்ளை. அதனால்தான் இதழ் உள்ளிருந்து ஒளிர்கிற மாதிரி இருக்கும்.

#3 மாடத்தெரு (காஞ்சிபுரம்)

மூணு தலைமுறையா தறி ஓட்டுற வீடு எங்களது. பட்டுன்னு பேச்சு வந்ததால உள்ள வந்தேன்.

நந்தியாம்மா, பட்டா பாலியெஸ்டரான்னு பார்க்க இழையை எரிச்சுப் பார்க்கச் சொல்லி யாராவது சொல்வாங்க. முடி கருகுற வாசம் வந்து சாம்பல் பொடியா உதிர்ந்தா பட்டு, உருகி மணியா உருண்டா பாலியெஸ்டர். சரியான சோதனைதான், ஆனா மூணு சென்டிமீட்டர் படத்துல இழை உருவாதீங்க. ஓரத்துல மடிச்ச துணி இருந்தா அதுல ஒரு நூல் எடுக்கலாம்.

வெண்ணிலா மேடத்துக்கு ஒரு கேள்வி. சீனாவுல படம் வரையற பட்டை "பச்சை", "வெந்தது"ன்னு ரெண்டாப் பிரிப்பாங்கன்னு படிச்சேன். எங்க கணக்குல கூட்டிலேருந்து எடுத்த நூல் பச்சை. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வச்சுப் பசையை எடுத்துட்டா வெந்தது. வெந்த நூல் வழுவழுன்னு இருக்கும், சாயம் நல்லா இழுக்கும். அப்ப வெந்த பட்டுல நிறம் இன்னும் வேகமாத்தானே ஓடணும்? தலைகீழா இருக்கே?

#4 வெண்ணிலா (சிங்கப்பூர்)

அண்ணா, நானும் முதல் வருடம் இதில்தான் குழம்பினேன். நெசவாளிக்கு "வெந்தது" என்றால் பசை எடுத்தது. ஓவியருக்கு "வெந்தது" என்றால் படிகாரமும் பசையும் ஏற்றியது. ஒரே சொல், வேலை நேர்எதிர்.

ஆனால் பழைய காலத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டம் இருந்தது. சோங் அரச வம்சக் காலத்து ஓவியர் மி ஃபு (1051–1107) எழுதி வைத்திருக்கிறார்: அதற்கு முந்தின தாங் வம்சக் காலத் தொடக்கம் வரை எல்லோரும் பச்சைப் பட்டில்தான் வரைந்தார்கள், அதன் பிறகு வெந்நீரில் பாதி வேகவைத்து, பொடி சேர்த்து, வெள்ளித் தகடு மாதிரி ஆகும்வரை அடித்தார்கள் என்று. அடிக்கும்போது உருண்டை நூல் தட்டையாகி இடைவெளி மூடும், தூரிகை வழுக்கிக்கொண்டு போகும். இப்போது வரையும் பட்டில் பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) முறுக்கே இல்லாத மாதிரி படிந்திருப்பதைப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம்.

#5 மாடத்தெரு (காஞ்சிபுரம்)

வெள்ளித் தகடு! எங்க பாட்டனார் கேட்டிருந்தா ரெண்டு நாள் தூங்கியிருக்க மாட்டார். சேலைக்கு முறுக்கு ஏத்தினாத்தான் உழைக்கும், படத்துக்கு முறுக்கு இருந்தா தூரிகை தட்டும். அப்ப அது உடுத்துற துணியே இல்ல. எழுதுற தாள் மாதிரி. இப்ப புரியுது.

#6 நந்தியாவட்டை (சென்னை)

பூதக்கண்ணாடி வாங்கிவிட்டேன்! ராத்திரி பதினோரு மணிக்கு மேஜை விளக்கடியில் அரை மணி நேரம் பார்த்தேன். புள்ளி எதுவும் இல்லை. குருவியின் அலகுக்கு ஒரே கோடுதான், தொடங்கின இடத்தில் கொஞ்சம் மை தேங்கியிருக்கிறது. வால் சிறகு ஒவ்வொன்றும் தனிக் கோடு, ஏழு எண்ணினேன். இலையில் இருக்கும் பச்சை மணல் மாதிரி மின்னுகிறது.

ஆனால் விளிம்போரம் இருக்கும் பச்சை வேறு மாதிரி. நீலம் கலந்த பச்சை, மின்னவில்லை. அதுவும் ஓவியர் வைத்ததா?

அதே கடையில் மயில்கழுத்து நீலத்தில் ஒரு கொண்டை ஊசி பார்த்தேன். தொட்டுக் காட்டி, "இறகில்லை, பட்டு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார் கடைக்காரம்மா. இறகு என்று நான் சொல்லவே இல்லையே, ஏன் அப்படிச் சொன்னார்?

#7 ரெசின்கூடை (கோவை)

வணக்கமுங்க. அஞ்சு வருசமா ரெசின் (ஊத்துனா கண்ணாடி மாதிரி இறுகற பிசின்) நகை செஞ்சு வித்துட்டிருக்கேன். பட்டு, காஞ்ச பூ, பழைய சேலைத் துண்டு எல்லாம் பதிச்சிருக்கேன்.

ஈரம் போகக் கூடாதுன்னா ஒரே வழி ரெசின்தானுங்க. கண்ணாடிக்கும் விளிம்புக்கும் நடுவுல எப்பவும் மயிரிழை இடைவெளி இருக்கும், வேர்வை அதுல இறங்கத்தான் செய்யும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்: பட்டு மேல நேரா ரெசின் ஊத்துனா துணி ஊறி, கண்ணாடித்தாள் மாதிரி ஆகி, நிறம் கறுத்துப் போகும். முன்னாடியே ரெண்டு பக்கமும் வெள்ளைப் பசை மெல்லிசா தடவிக் காய வெச்சுட்டு ஊத்தோணும். என் முதல் பத்துத் துண்டும் அப்படித்தான் வீணாச்சு. அம்மாவுக்குச் செய்யறதுன்னா ரெசின்ல போட்டுடுங்க, கவலையில்லாம போட்டுக்குவாங்க.

#8 சுவடிக்காரி (பெங்களூரு)

ஓலைச்சுவடி, துணிப்படம் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். ரெசின் பற்றி நண்பர் சொன்ன தொழில்நுட்பம் சரிதான். ஆனால் இந்தப் பதக்கத்துக்கு வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

நந்தியா, விளிம்பில் இருப்பது அநேகமாகப் பித்தளைக் களிம்பு. வேர்வையின் உப்பும் அமிலமும் பித்தளையில் இருக்கும் செம்பைத் தின்னும்போது வருவது. ஓவியர் வைத்த பச்சை வேறு: அது மலகைட் கல்லை அரைத்த பொடி, அதனால்தான் மின்னுகிறது. இரண்டும் செம்பின் பிள்ளைகள்தான், குணம் வேறு. ஓவியரின் பச்சை கோட்டுக்குள் நிற்கும். களிம்பு நூலைப் பிடித்துக்கொண்டு நகரும். அது பாவு வழியாகவோ ஊடை வழியாகவோ நேர்கோட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: படம் எடுத்து வையுங்கள், பிறகு கழுத்திலிருந்து கழற்றிவிடுங்கள். முடி உலர்த்தும் கருவி, வெயில், அரிசி டப்பா எதுவும் வேண்டாம். மூடின டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, பொட்டலம் பதக்கத்தில் படாமல், சில நாள் வையுங்கள். மெதுவாக உலர வேண்டும். வேகமாக உலர்ந்தால் பசை சுருங்கி நிறம் செதிலாக எழும்பும். சிவப்பு இருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். சாதிலிங்கமாக இருக்கலாம், அதில் பாதரசம் உண்டு. பழைய முறை மஞ்சளும் நச்சுப் பிசின்தான், கம்போடியப் பக்கத்து மரத்துப் பால்.

ரெசின் ஏன் வேண்டாம் என்றால், ஊற்றின பிறகு திரும்பி வர வழியில்லை. நாளாக ஆக மஞ்சளாகும், அடியில் இருக்கும் படத்தை யாரும் தொட முடியாது. பசையில் கட்டின படமோ நூறு வருடம் கழித்தும் ஒருவர் திறந்து சரிசெய்யலாம். சீனாவில் "காகிதத்துக்கு ஆயிரம் வயசு, பட்டுக்கு எண்ணூறு" என்பார்கள். சாங்ஷாவில் மாவாங்துய் கல்லறையை 1972இல் திறந்தபோது கிடைத்த பட்டுக்கொடி இரண்டு மீட்டருக்கு மேல் நீளம், இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் வயசு. அந்தச் சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் படாமல் மண்ணுக்குள் கிடந்ததால் வந்த ஆயுள் அது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பழங்காலச் சீன ஓவியர் கு காய்ஜியின் பெயரால் வழங்கும் பட்டுச் சுருளை வருடத்தில் சில வாரங்கள்தான் மங்கின வெளிச்சத்தில் காட்டுகிறார்கள்.

#9 ரெசின்கூடை (கோவை)

மேடம் சொல்றது மனசுக்குப் படுதுங்க. ஆனா மியூசியம் வேற, கழுத்து வேற. பெட்டிக்குள்ள இருட்டுல வெக்கறதுக்கா ஒருத்தர் நகை வாங்கறாங்க? எங்க அம்மா எதை வாங்கிக் குடுத்தாலும் பீரோவுல வெச்சுடுவாங்க. ரெசின்ல செஞ்சு குடுத்த சேலைத் துண்டுக் கம்மலைத்தான் தினமும் போடறாங்க. அது அவங்க கல்யாணச் சேலை. எண்ணூறு வருசம் இருக்காது, அது எனக்குத் தெரியும். அவங்க இருக்கற வரைக்கும் காதுல இருக்கும்.

#10 சுவடிக்காரி (பெங்களூரு)

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. கிழிந்த சேலையில் நூறு கம்மல் வரும், ஒவ்வொன்றும் புது உயிர். ஓவியத்துக்கு மட்டும்தான் என் பயம், அது ஒன்றே ஒன்று. நடுவழி ஒன்று உண்டு: கண்ணாடி இருக்கட்டும், விளிம்பைப் பித்தளைக்குப் பதில் வெள்ளியில் மாற்றி, உலோகத்துக்கும் பட்டுக்கும் நடுவே அமிலமில்லாத காகிதம் ஒரு வளையமாக வைக்கலாம். ரவிக்கைக்கு மேலே தொங்குகிற மாதிரி நீளச் சங்கிலி போட்டால் வேர்வை பாதிக்கு மேல் குறையும். அத்தர், தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரே எல்லாம் முடித்த பிறகு கடைசியில் பதக்கம்.

#11 கடலோரக்கொக்கு (யாழ்ப்பாணம்)

நான் கன காலமாகப் பறவை பார்க்கிறவன். அந்த நீலக் கொண்டை ஊசிக் கேள்விக்கு வாறன்.

அந்த நீலம் மீன்கொத்தியின் நீலம். தியென்சுயி என்று சொல்லுவினம். தங்கம், வெள்ளித் தகட்டில கம்பியால் சின்னச் சின்ன அறை கட்டி, ஒவ்வொரு அறைக்கும் மீன்கொத்தி இறகை வெட்டி ஒட்டுற வேலை. இறகின்ர நீலம் சாயத்தால வாறதில்லை, இறகுக்குள்ள இருக்கிற நுண்ணிய அமைப்பு வெளிச்சத்தைச் சிதறடிச்சு வாறது. அதால சாயம் மாதிரி வெளிறாது. மிங் காலத்து அரசி ஒருவவின்ர கிரீடம் பீஜிங் தேசிய அருங்காட்சியகத்தில இருக்கு. தங்கத்தில ஒன்பது ட்ராகன், இறகில ஒன்பது ஃபீனிக்ஸ், 2 கிலோவுக்கு மேல பாரம். 1296இல் கம்போடியாவின்ர அங்கோருக்குப் போன சீனத் தூதுக்குழுவில இருந்த சோ தாக்குவான், அங்க வலை வைச்சு மீன்கொத்தி பிடிக்கிறதை எழுதி வைச்சிருக்கிறார். எல்லாம் சீனாவுக்குப் போன சரக்கு.

அதுக்குப் பயன்பட்ட இனங்களில ஒன்று எங்கட குளக்கட்டில, மின்கம்பியில நாளாந்தம் இருக்கிற வெண்தொண்டை மீன்கொத்திதான். அதை நினைச்சால் எனக்கு அந்தக் கிரீடத்தை வடிவு என்று சொல்ல வாய் வருகுதில்லை. இப்ப சீனாவில அந்தப் பறவை பாதுகாக்கப்பட்ட இனம். அதால நீலச் சாயமிட்ட வாத்திறகு, பட்டு நாடா இதுகளை வெட்டி அதே அறைகளில ஒட்டீனம். கடைக்காரம்மா திரும்பத் திரும்பச் சொன்னது அதுக்குத்தான். அவவின்ர நேர்மைக்கு நன்றி சொல்லோணும். தங்கச்சி, இறகு வேலை என்று பழைய நகை யாரும் காட்டினால் வாங்காதேங்கோ.

#12 நந்தியாவட்டை (சென்னை)

கொக்கு அண்ணா, அலுவலகம் போகும் வழியில் பள்ளிக்கரணையில் அந்தப் பறவையை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! நான் பார்த்த ஊசி பட்டு என்பதில் இப்போது பெரிய நிம்மதி.

அம்மாவுக்கு வாங்குவது எப்படி? அங்கே இருக்கும் சக ஊழியர் நேரில் போய் வாங்கித் தரத் தயார். எதைப் பார்க்கச் சொல்ல?

#13 வெண்ணிலா (சிங்கப்பூர்)

முதலில், கோட்டை அச்சடித்து நிறம் மட்டும் கையால் ஏற்றும் பாதி வேலை நிறைய வருகிறது. அதற்கும் "கைவரை" என்றே அட்டை ஒட்டுவார்கள். அதனால் ஒரே படம் உள்ள இரண்டு பதக்கத்தை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிறம் மாறியிருந்து கோடு மட்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் பாதி வேலை. கை இரண்டு தடவை ஒரே கோட்டைப் போடாது.

அடுத்தது இடம் விட்ட விதம். சோங் காலத்தில் வட்ட விசிறிப் பட்டில் பூவும் பறவையும் வரைவது பெரிய கலையாக இருந்தது. ஒரு கிளை ஓரத்திலிருந்து உள்ளே நீளும், பாதி வட்டம் வெறுமையாக இருக்கும், பறவை அந்த வெறுமையைப் பார்க்கும். நல்ல பதக்கம் அந்த விசிறியின் பேத்தி. மூன்று சென்டிமீட்டருக்குள் பூ, பறவை, மலை, படகு எல்லாம் திணித்திருந்தால் வேண்டாம். 1100இல் அரியணை ஏறிய ஹுய்சோங் பேரரசரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவரே பெரிய ஓவியர். மயில் மேட்டில் ஏறுகிற படத்தை அரண்மனை ஓவியர்கள் எல்லோரும் வரைந்தார்கள். ஒருவரும் தேறவில்லை. காரணம் கேட்டால், "மயில் ஏறும்போது முதலில் இடது காலைத் தூக்கும், நீங்கள் வலது காலைத் தூக்கியிருக்கிறீர்கள்" என்றாராம். என் ஆசிரியர் இதைச் சொல்லித்தான் எங்களைப் பறவைப் பூங்காவுக்கு அனுப்புவார். உங்கள் சக ஊழியரிடம், பறவையின் கால் கிளையைப் பிடித்திருக்கிறதா, சும்மா மேலே ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் வரைந்தவரின் படிப்பு தெரிந்துவிடும்.

#14 நந்தியாவட்டை (சென்னை)

பத்து நாள் கழித்து வருகிறேன். நிறையச் சொல்ல இருக்கிறது.

சிலிக்கா ஜெல் டப்பாவில் ஒரு வாரம் வைத்தேன். பனி போய்விட்டது. நேற்று மயிலாப்பூரில் எங்கள் குடும்பப் பத்தரிடம் கொண்டுபோனேன். எழுபது வயசுக்காரர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, காற்றாடியை நிறுத்தச் சொன்னார். விளிம்பின் நகங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, பின்மூடியைக் கழற்றி, ஒரு செம்புத் தட்டை வெளியே எடுத்தார். பட்டு அதன்மேல் இழுத்துக் கட்டி, ஓரத்தில் மட்டும் பசை வைத்து மடித்திருந்தது. ஓரப் பசைக்கு லேசாக ஈரம் காட்டிப் பாதி சுற்று பிரித்தார்.

திருப்பினால், பின்பக்கம் ஐந்து வெள்ளை வட்டம். கோடு இல்லை, இதழ் இல்லை, குருவி இல்லை. பூ இருந்த ஐந்து இடத்திலும் கனமாக வெள்ளை மட்டும். வெண்ணிலா, நீங்கள் சொன்னபடியே. ஆறாவதாக ஒரு புள்ளியும் இருந்தது, குருவியின் மார்புக்குப் பின்னால், துளி போல. முன்பக்கம் பார்த்தால் அங்கே வெள்ளை இருப்பதே தெரியாது. மார்பு கொஞ்சம் உப்பலாகத் தெரியும், அவ்வளவுதான். பத்தர் தன் லூப்பில் பார்த்துவிட்டு, "யாருக்கும் தெரியாத இடத்துல வேலை வச்சிருக்கான் பாருங்கம்மா" என்றார்.

சுவடிக்காரி அக்கா, பச்சை களிம்புதான். மூன்று ஊடை நூலைப் பிடித்து நேர்கோட்டில் ஏறியிருந்தது. செம்புத் தட்டிலும் களிம்பு. அதை மாற்றிவிட்டோம், வெள்ளித் தட்டு, வெள்ளி விளிம்பு, நடுவில் நீங்கள் சொன்ன காகிதம். பட்டில் ஏறினதைத் தொடவில்லை. கரைந்த பூவையும் அப்படியே விட்டுவிட்டேன். தோழிக்குப் பின்பக்கப் படத்தை அனுப்பினேன். "மன்னிச்சிடு" என்று எழுதி, அடுத்த வரியில் எனக்கும் ஒன்று வேண்டும் என்றாள்.

சூசோவிலிருந்து அம்மாவுடையதும் வந்துவிட்டது. தாமரை மொட்டு, மேலே ஒரு தும்பி. தும்பியின் ஆறு காலும் மொட்டைப் பிடித்திருக்கின்றன, எண்ணிப் பார்த்துவிட்டேன். விளிம்பை மாற்ற அதையும் பத்தரிடம் விட்டிருக்கிறேன். ரெசின்கூடை, அம்மா கல்யாணச் சேலையின் முந்தானை ஒன்று மடிப்பில் கிழிந்து பெட்டியில் கிடக்கிறது. ஒரு ஜோடிக் கம்மல் செய்து தருவீர்களா? தனிமடலில் எழுதுகிறேன்.